ஆஃபர்ல வாங்கின கேம்தான் காஸ்ட்லி! ஹேண்ட்ஹெல்ட் கன்சோலுக்கு கேம் தேர்வு செய்வது எப்படி?



போன வருஷம் ஐப்பசி மழைக்கு முன்னாடி ஊரிலிருந்து அப்பா போன் பண்ணினார். "தம்பி, மொட்டை மாடி ஒழுகுது. தட்டோடு மாத்தணும்னு கொத்தனார் சொல்றார். ஒரு முப்பதாயிரம் தோதுப்படுமா?" என்று கேட்டார். "இந்த மாசம் கொஞ்சம் டைட்டுப்பா, அடுத்த மாசம் பாக்கலாமா?" என்று சொல்லிட்டேன். "பரவால்லப்பா, நீ பாத்துக்கோ" என்று வைத்துவிட்டார்.

சம்பளம் குறைவு இல்லை. பிறகு பணம் எங்கே போச்சு? அன்னைக்கு ராத்திரி கடந்த 14 மாத கிரெடிட் கார்டு ஸ்டேட்மென்ட் எல்லாத்தையும் டவுன்லோடு பண்ணி உட்கார்ந்தேன். 420 ரூபாய், 850 ரூபாய், 1,300 ரூபாய் என்று குட்டிக் குட்டியா கேம் வாங்கின செலவு மட்டும் கூட்டிப் பார்த்தேன். 31,000 ரூபாய்! மொத்தம் 26 கேம். அதில் முடித்தது 3. திறந்துகூட பார்க்காதது 11.

அப்பா கேட்ட தொகை அப்படியே அங்கே இருந்தது. கடைசியில் நண்பனிடம் கைமாத்து வாங்கித்தான் அனுப்பினேன்.

இதைப் படிச்சிட்டு "கேம் எல்லாம் வேஸ்ட், அந்தக் காசை எஸ்ஐபி-ல போடுங்க" என்று நான் சொல்லப் போறதில்லை. வேலை முடிந்து வந்து ஒரு மணி நேரம் விளையாடுறது நல்ல பொழுதுபோக்குதான். ஆனா கன்சோல் வாங்கும்போது பத்து வீடியோ பார்த்து, நாலு கடையில் விலை கேட்டு வாங்குற நாம, கேம் வாங்கும்போது மட்டும் "75 சதவீதம் தள்ளுபடி" என்று பார்த்தவுடனே பட்டனை அமுக்கிடுறோம். கன்சோல் ஒரு தடவைச் செலவு. கேம்தான் மாதாமாதம் ஒழுகுற மாடி. அதை எப்படி அடைக்கலாம்னு இந்தப் பதிவில் பார்க்கலாம். நிண்டெண்டோ ஸ்விட்ச், ஸ்டீம் டெக் இரண்டையும் உதாரணமா வைத்துச் சொல்றேன்.

1. முதலில் பணத்துக்கு இல்லை, நேரத்துக்கு பட்ஜெட் போடுங்க

காலேஜ் படிக்கும்போது நேரம் நிறைய, பணம் இல்லை. வேலைக்குப் போன பிறகு அது தலைகீழ். நம்மிடம் குறைவா இருப்பது நேரம்தான். ஆனா கேம் வாங்கும்போது பணத்தை மட்டும்தான் பார்க்கிறோம்.

ஒரு சின்ன கணக்கு. வார நாட்களில் தினமும் அரை மணி நேரம், அதாவது 2.5 மணி நேரம். சனி, ஞாயிறு சேர்த்து இன்னொரு 2.5 மணி நேரம். வாரத்துக்கு 5 மணி. பண்டிகை, ஊர்ப் பயணம், கல்யாணம், காய்ச்சல், ஆபீஸில் ரிலீஸ் நேரம் எல்லாம் கழித்தால் வருஷத்துக்கு 45 வாரம். ஆக மொத்தம் 225 மணி நேரம். இதுதான் உங்க ஒரு வருஷ "கையிருப்பு".

இதை வைத்து எத்தனை கேம் விளையாட முடியும்? கதையை முடிக்க ஆகும் நேரத்தைப் பாருங்க. எல்லாமே தோராயம்தான்.

- செலஸ்ட்: 8 முதல் 10 மணி நேரம்
- ஹேடிஸ்: 25 மணி நேரம்
- ஹாலோ நைட்: 30 மணி நேரம்
- செல்டா: பிரெத் ஆஃப் த வைல்ட்: 50 மணி நேரம்
- ஸ்டார்டியூ வேலி: 55 மணி நேரம் (முடிவே இல்லாமலும் ஆடலாம்)

கூட்டினால் 170 மணி நேரம். மீதி 55 மணி, பிடித்த கேமை மறுபடி ஆடுறதுக்கும், ஒரு கேமில் மாட்டிக்கிட்டு முழிக்கிறதுக்கும் சரியா போயிடும். ஆக, ஒரு வருஷத்துக்கு உங்களுக்குத் தேவை 5 கேம். ரொம்ப போனால் 8.

இப்போ விலையைப் பார்க்கலாம். தள்ளுபடியே இல்லாமல், இந்த ஐந்தின் அமெரிக்க விலை 19.99, 24.99, 14.99, 59.99, 14.99 டாலர். மொத்தம் 134.95 டாலர். ஒரு டாலர் 85 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் சுமார் 11,470 ரூபாய். மாதத்துக்கு 955 ரூபாய்தான்!

நான் தள்ளுபடியிலேயே வாங்கி மாதம் 2,200 ரூபாய் செலவு பண்ணினேன். முழு விலை கொடுத்து அஞ்சே அஞ்சு வாங்கியிருந்தால் மாதம் 1,250 ரூபாய் மிச்சம். 14 மாதத்தில் 17,500 ரூபாய். அப்பாவிடம் "பாதிக்கு மேல இப்பவே அனுப்புறேன், மீதி சம்பளம் வந்ததும்" என்று சொல்லியிருக்கலாம்.

ஒரு கேம் எவ்வளவு நேரம் எடுக்கும்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது? "ஹவ் லாங் டு பீட்" என்று ஒரு இணையதளம் இருக்கு. விளையாடினவங்களே பதிவு செய்த நேரம் அதில் இருக்கும். வாங்கும் முன் அதை ஒரு தடவை பார்த்துடுங்க.

2. "ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு?" என்ற கணக்கில் ஒரு ஓட்டை இருக்கு

விலையை நேரத்தால் வகுத்து, மணிக்கு எவ்வளவு ஆகுதுன்னு பார்ப்பது பலரும் சொல்ற வழி. நல்ல வழிதான். ஆனா வகுக்க வேண்டியது கேமில் இருக்கும் நேரத்தை இல்லை, நீங்க உண்மையிலேயே விளையாடப் போற நேரத்தை.

பெர்சோனா 5 ராயல் 100 மணி நேரத்துக்கு மேல் போகும் கேம். முழு விலை 59.99 டாலர், சுமார் 5,100 ரூபாய். மணிக்கு 51 ரூபாய் என்று பார்த்தால் சூப்பர் டீல். ஆனா நமக்கு வருஷத்துக்கு 225 மணி நேரம்தான். கிட்டத்தட்ட பாதி வருஷம் இந்த ஒரு கேமுக்கே போயிடும். நடுவில் இரண்டு வாரம் ஆபீஸ் வேலையில் மாட்டினால், திரும்பி வரும்போது கதை எங்கே நின்றதுன்னே மறந்துடும். 12 மணி நேரம் ஆடி விட்டுட்டால் உங்க உண்மையான செலவு மணிக்கு 425 ரூபாய்.

செலஸ்ட் 19.99 டாலர், சுமார் 1,700 ரூபாய். 10 மணி நேரம்தான், மணிக்கு 170 ரூபாய். கணக்குப்படி இது காஸ்ட்லி. ஆனா நீங்க இதை முடிப்பீங்க. முடித்த கேம் 170 ரூபாய், முடிக்காத கேம் 425 ரூபாய். எது லாபம்?

425 ரூபாய்க்கு தள்ளுபடியில் வாங்கி, ஒரு தடவைகூட திறக்காத கேமுக்கு மணிக்கு எவ்வளவுன்னு கேட்காதீங்க. பூஜ்ஜியத்தால் வகுக்க முடியாதுன்னு பள்ளிக்கூடத்திலேயே சொல்லிட்டாங்க!

3. வாங்கும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

இருபது நிமிஷத்தில் ஏதாவது முடியுமா? கையில் வைத்து ஆடுற கன்சோலை நாம பெரும்பாலும் மெட்ரோவில், ஆபீஸ் பஸ்ஸில், தூங்கும் முன் கட்டிலில்தான் எடுப்போம். ஸ்டார்டியூ வேலியில் ஒரு நாள் என்பது நிஜத்தில் சுமார் 14 நிமிடம். அந்த நாள் முடிந்து தூங்கப் போனால்தான் சேவ் ஆகும். ஒரு பஸ் பயணத்துக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி. வேம்பயர் சர்வைவர்ஸ் ஒரு ஆட்டம் அதிகபட்சம் அரை மணி நேரம். விலை வெறும் 4.99 டாலர். ஹேடிஸ், பலாட்ரோ இரண்டும் ஒரு ஆட்டம் அரை மணி, முக்கால் மணி. பலாட்ரோவில் போக்கர் சீட்டு இருக்கும். ஆனா நிஜக் காசு கட்டி ஆடுவது கிடையாது, பயப்பட வேண்டாம். ஸ்விட்ச், ஸ்டீம் டெக் இரண்டிலும் ஸ்லீப் வசதி இருப்பதால் பெரிய கேமையும் நடுவில் நிறுத்தலாம். ஆனா "முடிச்சேன்" என்ற திருப்தி சின்ன ஆட்டத்தில்தான் சீக்கிரம் கிடைக்கும்.

நெட் இல்லாமல் ஓடுமா? ஸ்விட்ச்சில் சில கேம்களின் பெயருக்குப் பின்னால் "கிளவுட் வெர்ஷன்" என்று இருக்கும். கேம் உங்க கன்சோலில் ஓடாது, இணையம் வழியா வேறெங்கோ ஓடிப் படமா மட்டும் வரும். ரயிலில் சிக்னல் போனால் ஆட்டமும் போச்சு. தவிர்த்துடுங்க.

சின்னத் திரையில் எழுத்து தெரியுமா? ஸ்விட்ச் லைட் திரை 5.5 இன்ச், சாதா ஸ்விட்ச் 6.2, ஓலெட் மாடல் 7 இன்ச். டிவிக்காகச் செய்த சில கேம்களில் எழுத்து எறும்பு மாதிரி இருக்கும். பகல் முழுக்க மானிட்டர் பார்த்த கண்ணுக்கு அது தண்டனை. வாங்கும் முன் ஹேண்ட்ஹெல்ட் மோடில் எடுத்த வீடியோ ஒன்றைப் பாருங்க. ஸ்டீம் டெக் வைத்திருந்தால் இன்னும் சுலபம். ஸ்டோரிலேயே ஒவ்வொரு கேமுக்கும் "வெரிஃபைடு", "பிளேயபிள்", "அன்சப்போர்டட்" என்று குறி போட்டிருப்பாங்க. பச்சைக் குறி இருந்தால் எழுத்து அளவு, கன்ட்ரோல் எல்லாம் சோதித்தாச்சுன்னு அர்த்தம்.

யாரோடு விளையாடப் போறீங்க? என்னுடைய 26 கேமில், முழு விலை கொடுத்து வாங்கினதுக்காக ரொம்ப வருத்தப்பட்டது மரியோ கார்ட் 8 டீலக்ஸ். பொங்கலுக்கு ஊருக்கு எடுத்துட்டுப் போனேன். டிவியில் மாட்டி, ஜாய்கானைக் கழற்றி ஆளுக்கு ஒன்று கொடுத்தேன். அப்பா மூணு சுற்றும் காரைத் தண்ணிக்குள்ளேயே விட்டார், அக்கா பசங்க சிரிச்சு உருண்டாங்க. இன்னைக்குக் கணக்குப் போட்டால் நான் வாங்கினதிலேயே மலிவான கேம் அதுதான். அறைத்தோழர்கள், தம்பி தங்கை, குடும்பம் என்று நாலு பேர் ஆடுற கேமுக்கு மணிக்கணக்கை நாலால் பெருக்கிக்கலாம்.

சும்மா ஆடிப் பார்க்க முடியுமா? நிண்டெண்டோ ஈஷாப்பில் பல கேமுக்கு இலவச டெமோ இருக்கு. ஸ்டீமிலும் இருக்கு. ஸ்டீமில் கூடுதலா ஒரு பாதுகாப்பு: வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவா விளையாடியிருந்தால் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம். அதனால் ஸ்டீமில் கேம் வாங்கினால் அந்த வாரமே ஆடிப் பாருங்க. வாங்கி வைத்துட்டு மூணு மாதம் கழித்துத் திறந்தால் இந்த வசதி கை விட்டுப் போயிடும். ஈஷாப்பில் வாங்கினால் வாங்கினதுதான்; பிடிக்கலைன்னு திருப்பித் தர முடியாது.

4. கார்ட்ரிட்ஜா, டிஜிட்டலா?

ஸ்டீம் டெக்கில் இந்தக் கேள்வியே இல்லை, எல்லாம் டிஜிட்டல்தான். ஸ்டீமில் ரூபாயிலேயே விலை போட்டிருக்கும், யுபிஐ-லயே கட்டலாம். நமக்குத் தலைவலி ஸ்விட்ச்சில்தான்.

நிண்டெண்டோ இந்தியாவில் நேரடியா விற்பதில்லை. இந்தியாவுக்கென தனி ஈஷாப்பும் கிடையாது. அதனால் வெளிநாட்டு ஈஷாப்பில் டாலரில் வாங்கணும், இல்லைன்னா இறக்குமதி செய்த கார்ட்ரிட்ஜ் வாங்கணும்.

டாலரில் கார்டு தேய்க்கும்போது வங்கி "ஃபாரெக்ஸ் மார்க்கப்" என்று ஒன்று போடும். உங்க கார்டில் அது 3.5 சதவீதம் என்றால், அதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்ந்து 4.13 சதவீதம். 5,100 ரூபாய் கேம் 5,310 ரூபாய் ஆயிடும். இது கார்டுக்கு கார்டு மாறும், உங்க கார்டில் எவ்வளவுன்னு பார்த்து வைத்துக்கோங்க.

கார்ட்ரிட்ஜில் ஒரு பெரிய லாபம், முடித்துட்டு விற்கலாம். ஒரு உதாரணம்: 4,500 ரூபாய்க்கு வாங்கி, 50 மணி நேரம் ஆடி, 3,200 ரூபாய்க்கு விற்றால் உங்க செலவு 1,300 ரூபாய். மணிக்கு 26 ரூபாய். அதே கேமை 5,310 ரூபாய்க்கு டிஜிட்டலா வாங்கினால் மணிக்கு 106 ரூபாய், விற்கவும் முடியாது. நிண்டெண்டோவின் சொந்த கேம்களுக்கு விலை சீக்கிரம் இறங்காது. 2017-ல் வந்த பிரெத் ஆஃப் த வைல்ட் பல வருஷம் கழித்தும் அதே 59.99 டாலரில்தான் நின்றது. வாங்கும்போது எரிச்சலா இருக்கும் இந்த விஷயம்தான், விற்கும்போது கை கொடுக்கும்.

அதனால் என் விதி இது. ஒரு தடவை கதையை முடித்து வைத்துவிடும் பெரிய கேம் என்றால் கார்ட்ரிட்ஜ். வருஷக்கணக்கில் அவ்வப்போது எடுத்து ஆடுற சின்ன கேம் என்றால் டிஜிட்டல்.

கார்ட்ரிட்ஜ் வாங்கும்போது கவனிக்க மூணு விஷயம்:

- பெட்டியின் மேல் "டவுன்லோடு ரிக்வயர்டு" என்று இருக்கான்னு பாருங்க. முழு கேமும் உள்ளே இல்லைன்னு அர்த்தம். 2025 ஜூனில் வந்த ஸ்விட்ச் 2-வில் "கேம் கீ கார்டு" என்று ஒரு வகை வேறு இருக்கு. அதில் கேமே இருக்காது, டவுன்லோடு பண்ண சாவி மட்டும்தான்.
- ஸ்விட்ச் கார்ட்ரிட்ஜ் எந்த நாட்டில் வாங்கினாலும் பொதுவா ஓடும். ஆனா பின்னாடி கூடுதல் பகுதி (டிஎல்சி) வாங்கணும்னா, கார்ட்ரிட்ஜும் உங்க ஈஷாப் கணக்கும் ஒரே பகுதியைச் சேர்ந்ததா இருக்கணும்.
- பழைய கார்ட்ரிட்ஜ் வாங்கினால், கன்சோலில் போட்டு ஓட்டிப் பார்த்த பிறகு காசு கொடுங்க.

டிஜிட்டல் கேம் என்பது சொத்து இல்லை, அனுமதிச் சீட்டு என்பதையும் ஞாபகம் வைங்க. நிண்டெண்டோ தன் பழைய 3டிஎஸ், வீ யூ கன்சோல்களின் ஈஷாப் விற்பனையை 2023 மார்ச் 27-ல் நிறுத்திவிட்டது. கடை என்றைக்கும் திறந்தே இருக்கும்னு நினைத்து, "எப்பவாவது ஆடலாம்" என்று சேர்த்து வைப்பதில் அர்த்தம் இல்லை.

5. தள்ளுபடி வலையில் விழாமல் இருக்க

ஸ்டீமில் வருஷத்துக்கு நாலு பெரிய சீசன் சேல் வருது. நடுவில் சின்னச் சின்ன சேல் வேறு. அதாவது, இன்னைக்கு விட்ட தள்ளுபடி பெரும்பாலும் சில மாதத்தில் திரும்ப வரும். "இன்னும் 6 மணி நேரம்தான்" என்ற கடிகாரம் உங்களுக்காக ஓடலை, கடைக்காரருக்காக ஓடுது.

நான் இப்போ செய்வது இதுதான்:

- பிடித்ததை உடனே வாங்காமல் விஷ்லிஸ்ட்டில் போடுறேன். 30 நாள் கழித்தும் ஆசை இருந்தால்தான் அடுத்த கட்டம். பாதி ஆசை தானாகவே செத்துப் போயிடுது.
- பழைய குறைந்த விலை என்னன்னு பார்க்கிறேன். ஸ்விட்ச்சுக்கு "டெக்கு டீல்ஸ்", ஸ்டீமுக்கு "ஈஸ் தேர் எனி டீல்" என்ற தளங்கள் இருக்கு. நம்ம விலைக்கு வந்தால் அவங்களே மெயில் அனுப்புவாங்க.
- ஒன்றை முடித்தால்தான் அடுத்தது. முடிக்கப் பிடிக்கலையா? "இது எனக்கு ஆகாது" என்று நீக்கிடுவேன், அதுவும் முடித்த கணக்குதான். போட்ட காசுக்காக பிடிக்காத கேமைக் கட்டி அழ வேண்டாம்.
- எல்லா ஸ்டோரிலும் சேமித்த கார்டு விவரத்தை அழித்துட்டேன். ஒவ்வொரு தடவையும் 16 இலக்கம் அடிக்கணும்னா, எழுந்து போய் பர்ஸ் எடுக்குற சோம்பேறித்தனமே காசை மிச்சப்படுத்துது.

ஆன்லைனில் மற்றவர்களோடு ஆட நிண்டெண்டோ ஸ்விட்ச் ஆன்லைன் சந்தா வேண்டும். தனி நபருக்கு வருஷம் 19.99 டாலர், 8 கணக்கு வரை சேரும் குடும்பத் திட்டம் 34.99 டாலர். பழைய கேம் பாய், சூப்பர் என்இஎஸ் காலத்து கேம்கள் பல அதில் உள்ளடக்கம். டெட்ரிஸ் 99-ம் சந்தாவோடு சேர்ந்தே வரும். தனியாத்தான் ஆடுவீங்க, பழைய கேம்களிலும் ஆர்வம் இல்லைன்னா, சந்தாவே தேவையில்லை. ஆட்டோ ரினியூவல் ஆன் ஆகி இருக்கான்னு மட்டும் இப்பவே போய்ப் பாருங்க.

கடைசியா, இன்னைக்கே செய்ய வேண்டியது

ஒரு பேப்பர் எடுங்க. ஏற்கெனவே வாங்கி, ஆடாமல் வைத்திருக்கும் கேம் எல்லாத்தையும் எழுதுங்க. பக்கத்தில் ஒவ்வொன்றும் எத்தனை மணி நேரம்னு எழுதிக் கூட்டுங்க. எனக்கு அது 480 மணி நேரம் வந்தது. என் வேகத்தில் இரண்டு வருஷத்துக்கு மேல் ஆகும்! அதாவது இரண்டு வருஷத்துக்கு நான் புதுசா எதுவும் வாங்கத் தேவையே இல்லை.

அதனால் இப்போ மாதம் 1,000 ரூபாய் மட்டும் தனி சேமிப்புக் கணக்கில் கேமுக்காகப் போகுது. வாங்கணும்னா அதிலிருந்துதான். முன்னே ஒழுகிட்டிருந்த மீதி 1,200 ரூபாய் அவசர நிதிக்கான ஆர்டி-க்குப் போகுது. பெரிய தொகை இல்லைதான். ஆனா அடுத்த தடவை ஊரிலிருந்து போன் வரும்போது "இந்த மாசம் டைட்டுப்பா" என்று சொல்ல வேண்டி இருக்காது.

உங்க லிஸ்ட்டில் மொத்தம் எத்தனை மணி நேரம் வந்ததுன்னு கமெண்டில் சொல்லுங்க. 480-ஐ யாராவது தாண்டியிருந்தீங்கன்னா, எனக்குக் கொஞ்சம் ஆறுதலா இருக்கும்!